ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் மகளுக்கு, பூட்டான் போய் வந்தபின்

அன்புள்ள மலருக்கு,

நலம், நலமறிய ஆவல். "பூட்டான் எப்படிம்மா இருந்தது?" என்று நீ கேட்டபோது, "நல்லா இருந்ததுடி" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். நீ வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. சொல்ல நிறைய இருக்கிறது, எழுதினால்தான் கோர்வையாக வரும்.

மக்களின் மகிழ்ச்சியைக் கணக்கெடுக்கும் நாடு என்று அதற்குப் பேர். சும்மா பேருக்கு இல்லை. எவ்வளவு நேரம் தூங்குகிறாய், அக்கம்பக்கத்தாரை நம்புகிறாயா என்றெல்லாம் உண்மையாகவே மக்களிடம் கேட்டு எழுதுகிறார்கள். காடு 60 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. போப்ஜிகா பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்தில் கருங்கழுத்துக் கொக்குகள் வரும். அவை கம்பியில் அடிபடாமல் இருக்க மின்சாரத்தை மண்ணுக்கடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். மின்வாரியத்தில் காலம் தள்ளியவள் நான், புதைகம்பிக்கு என்ன செலவாகும் என்று தெரியும். பறவைக்காக ஒரு சின்ன நாடு அதைச் செய்திருக்கிறது. அந்த இடத்திலேயே கும்பிடத் தோன்றியது.

பாரோவில் ஒரு வீட்டில் தங்கினோம். கூரைத் தகரம் முழுக்கச் சிவப்பு மிளகாய் காய்ந்தது. அங்கே மிளகாய்தான் காய்கறி. கீறின மிளகாயையும் பாலாடைக்கட்டியையும் ஒன்றாக வேகவைத்து, செவ்வரிசிச் சோற்றோடு தருகிறார்கள். எமா தட்சி என்று பேர். உங்கப்பா இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை, நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அந்த வீட்டு அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு பேத்தி. மகளும் மருமகனும் எங்கே என்று கேட்டால், பெர்த்! உன் ஊர்! அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் உங்களுக்குப் பத்து. வேலை முடிந்து வந்த மகள் வீடியோவில் அழைத்தாள். பேத்தி திரையைத் தடவித் தடவிப் பார்த்தது. மகள் பூட்டானில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவளாம். இப்போது முதியோர் இல்லத்தில் வேலை.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பையன் கோயம்புத்தூரில் பி.காம். படித்தவன். காலையில் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா ஆன்ட்டி?" என்பான். பள்ளியில் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் என்றான். அவனும் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறான். மொத்த மக்கள்தொகையே எட்டு லட்சத்துக்குள் இருக்கும் நாட்டில் ஆசிரியரும் நர்சும் இப்படிக் கிளம்பினால் என்ன ஆகும், சொல்லு.

ஏன் போகிறார்கள் என்பதற்கு எனக்குப் புரிந்த காரணம் அங்கே ஓடும் ஆறுகள்தான். அந்த நாட்டின் பெரிய வருமானங்களில் ஒன்று நீர்மின்சாரம், வாங்குவது நாம். சுக்கா 336 மெகாவாட், தாலா 1,020 மெகாவாட், எல்லாம் இந்தியப் பணத்தில் கட்டியவை. ஆனால் ஒரு மின்நிலையத்தைக் கட்டி முடித்தபின் அதை ஓட்ட எத்தனை பேர் வேண்டும்? நீலகிரியில் குந்தா மின்நிலையத்தில் எங்கள் ஷிப்டில் எத்தனை பேர் இருந்தோம் என்று உனக்கே தெரியும். கரண்ட் விற்றால் கஜானாவுக்குப் பணம் வரும், படித்த பிள்ளைக்கு வேலை வராது. அதிலும் அந்த மின்நிலையங்கள் பெரிய தேக்கம் இல்லாமல் ஓடும் நீரை நம்பியவை. பனிக்காலத்தில் ஆறு வற்றினால் நம்மிடமே கரண்ட் வாங்க வேண்டிவருகிறது. வாங்டியூ என்ற ஊருக்குக் கீழே 1,200 மெகாவாட் புனாட்சங்சு அணைக்கு 2008-இல் வேலை ஆரம்பித்தார்கள். 2013-இல் வலக்கரை மலையே நகர, வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது. அந்தச் சரிவைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அரசியல் கேட்டால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக், மக்கள் கேட்காமலேயே தேர்தல் வேண்டும் என்று சொல்லி, 2006-இல் மகனிடம் பட்டத்தைக் கொடுத்து ஒதுங்கினார். அதற்குப் பின் 2008-இல் முதல் பொதுத்தேர்தல். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் ஆண்ட கட்சியைத் தோற்கடித்திருக்கிறார்கள். ஆனால் பெரிய முடிவு என்றால் இன்றும் எல்லாரும் அரண்மனையைத்தான் பார்க்கிறார்கள். நாங்கள் போன வீட்டில் எல்லாம் ராஜா படம், சாமி படத்துக்குப் பக்கத்தில்.

இதையெல்லாம் புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. தெற்கே நேபாளி பேசும் மக்கள் தலைமுறைகளாக விவசாயம் செய்தவர்கள். 1985-இல் குடியுரிமைச் சட்டத்தை இறுக்கி, 1958-இலேயே அங்கே இருந்ததற்குத் தாள் இருக்கிறதா என்று கேட்டார்கள். 90-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நேபாள முகாம்களில் போய் விழுந்தார்கள். பின்னாளில் பெரும்பாலோர் அமெரிக்காவில் குடியேறிவிட்டார்கள். குந்தா குவார்ட்டர்ஸில் நமக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியை நினைத்துக்கொள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பிரஜாவுரிமை இல்லை என்று கப்பலேற்றி விடப்பட்டவர். பிறந்த மண்ணில் தாளைக் காட்டச் சொல்லும் கொடுமையை அவர் வாயால் கேட்டு வளர்ந்தவள் நீ. மகிழ்ச்சியைக் கணக்கெடுக்கும் நாட்டில் அந்த ஒரு லட்சம் பேரின் கணக்கு எங்கே? நான் கேட்டதும் வழிகாட்டிப் பையன் பேச்சை மாற்றிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அப்போது அவன் பிறக்கவே இல்லை.

இப்போது அதே தெற்கில், அசாம் எல்லையில் கெலெபு என்ற இடத்தில் பெரிய நகரம் கட்டப்போவதாக 2023 டிசம்பரில் இன்றைய மன்னர் அறிவித்திருக்கிறார். போன பிள்ளைகளைத் திரும்ப வரவைக்கத்தான் என்கிறார்கள். அந்த நகரம் எழும் சர்பாங் மாவட்டமும் அன்று குடும்பம் குடும்பமாக வெளியேறிய மாவட்டங்களில் ஒன்று. அங்கே வேலை வரட்டும், மனதார வேண்டுகிறேன். கூடவே, அன்று போனவர்களில் திரும்பி வர நினைப்பவர்களுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். இல்லையென்றால் அது எனக்குப் பாதி நகரம்தான்.

உன்னைத் திரும்பி வா என்று சொல்ல இதை எழுதவில்லை. உன்னை அனுப்பியவளே நான்தான். ஆனால் பாரோ அம்மாவின் மகள் உங்கள் பெர்த்திலேயே வெம்ப்லி பக்கம் இருக்கிறாளாம், பஸ்ஸில் வேலைக்குப் போகிறாளாம். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன். அடுத்த ஞாயிறு அவளையும் அவள் வீட்டுக்காரரையும் சாப்பிடக் கூப்பிடு. குழம்பில் காரத்தைக் குறைக்காதே, அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

அன்புடன்,
அம்மா