உட்கார இடம் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பான எல்லோருக்கும்,

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை என்று எங்கள் கடைத்தெருவில் வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு எங்களுடையது. எல்லோர் சார்பிலும் இதை எழுதுகிறேன். மேடை போட்டு, சால்வை போர்த்தி நன்றி சொல்ல வசதி இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருந்தால் மனசு கேட்காது.

காலையில் கடை திறந்ததும் நின்றால், இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்பதுதான் எங்கள் வேலை. ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். மத்தியானம் கடை காலியாகக் கிடக்கும்போதுகூடச் சுவரில் சாயக்கூடாது. கேமராவில் பார்த்துவிட்டு மேலே இருந்து குரல் வரும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் முழங்கால் மடங்கும். வீடு போய்ச் சேரும்போது கணுக்கால் வீங்கி, கொலுசு தோலில் பதிந்திருக்கும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி நீலமாகத் தடித்துப்போனவர்கள் எங்களில் எத்தனையோ பேர். கடை வேலை என்றால் இப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில், 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார்கள். கடைகளில் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். ஆண், பெண் என்று அதில் பிரிக்கவில்லை. சட்டம் வந்தது, எங்கள் கடைத்தெருவுக்கு ஸ்டூல் வரவில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

தெரிய வைத்தவர் தொழிலாளர் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். நூலகத் திண்ணையில் எங்களை உட்கார வைத்து, அந்தப் பிரிவை வரி வரியாகப் படித்து விளக்கினார். ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுத்தார், அதற்குக்கூடக் காசு வாங்கவில்லை. "சண்டைக்குப் போகாதீங்கம்மா. இந்தத் தாளை முதலாளி கையில கொடுத்து, நீங்களே படிச்சுப் பாருங்கன்னு சொல்லுங்க, போதும்" என்றார். ஐயா, அந்தத் தாள் கையில் இருந்ததால்தான் எங்களுக்கு நாக்கு எழுந்தது.

தாளை முதலில் நீட்டிய தோழிக்குத்தான் நாங்கள் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். மறுநாளே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிலுவைச் சம்பளமும் கொடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அப்போதும் எங்களைப் பார்த்து "நீங்க நிறுத்திடாதீங்க" என்றுதான் சொன்னாள். உன் பெயரை இங்கே போட முடியவில்லை, கண்ணு. இன்று இந்தத் தெருவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதற்கு விலை கொடுத்தவள் நீ.

அவளுடைய சம்பளத்தை மீட்டுக் கொடுத்த வக்கீல் அம்மாவுக்கும் நன்றி. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. இதைப் படிக்கிற பெண்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று நியாயத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

கோழிக்கோட்டுச் சகோதரிகளை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அங்கே மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் கழிப்பறைக்குக்கூட வழியில்லாமல் தவித்தபோது, தையல் வேலை செய்துவந்த விஜி 2009இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் உட்காரும் உரிமைக்காகவும் போராடி, 2018இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. நமக்கு வழி போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். இந்தக் கதையை எங்களுக்கு மலையாளத்திலிருந்து சொன்னது இங்கே மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா. கால் நரம்பு ஏன் சுருட்டுகிறது, ரத்தம் எப்படிக் கீழேயே தேங்குகிறது, இடையிடையே உட்கார்ந்து பாதத்தை அசைத்தால் எவ்வளவு நல்லது என்று, இரவுப் பணி முடிந்து தூக்கக் கண்ணோடு வந்து சொல்லிக் கொடுத்தார். இங்கிலாந்தில் கடைப் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று 1899லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். அதைக் கேட்டதும் ஒரு தோழி அழுதுவிட்டாள். அவளுடைய அம்மாவும் காலமெல்லாம் கடையில் நின்றவர்.

கடைசியில் கடைகளுக்கு ஸ்டூல் வந்தது. முதலில் வாங்கிப் போட்ட பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு எங்கள் வணக்கம். மற்ற சில இடங்களில் ஸ்டூல் வந்தும் உட்கார முடியவில்லை. அதன்மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு முறைப்பு. காலடிச் சத்தம் கேட்டதும் நாங்களே துள்ளி எழுந்துவிடுவோம், அது உடம்பில் ஊறிப்போன பயம். உட்கார்ந்திருக்கிற பெண் சோம்பேறி என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது.

அதை மாற்றியதில் வாடிக்கையாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மா, நான் எழுந்ததும் என் தோளை அழுத்தி, "உட்காரும்மா, உட்கார்ந்தே எடுத்துக் காட்டு, எனக்கொன்னும் அவசரமில்ல" என்றார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு அந்த அம்மா எடுத்தது நல்ல பெரிய பில். மறுநாள் ஸ்டூல்மேல் பெட்டி இல்லை. அம்மா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மனுக்களைப் போனில் தட்டச்சு செய்து கொடுத்த பிள்ளைகள், லீவு நாளில் கூட்டத்துக்குப் போகச் சொல்லிவிட்டுச் சமையலைப் பார்த்துக்கொண்ட மாமியார்கள், நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்த அச்சகத்துத் தம்பி, எல்லோருக்கும் நன்றி. பயந்து ஒதுங்கிய தோழிகளுக்கும்தான். உங்கள் நிலைமை எங்களுக்குப் புரியும், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

அடுத்தது கழிப்பறை. பல கடைகளில் பெண்களுக்குத் தனியாக இல்லை. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிறோம், நீர்க்கடுப்பு வந்து அவதிப்படுகிறோம். அந்த மனுவையும் ஐயா எழுதத் தொடங்கிவிட்டார். எழுதி முடித்ததும் கையெழுத்துக்காக உங்கள் எல்லோரிடமும் வருவோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
கடைத்தெருப் பெண்கள் சார்பில்