மாடியறைக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடாதே, மருமகளே

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் கார்டு, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், மெக்கானிக்கல் கீபோர்டு, உயரத்தை ஏற்றி இறக்குகிற டேபிள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதற்கென்றே தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறாய். எல்லாம் நல்ல தேர்வு, ஒன்றையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "மாடில கெடக்குற பழைய கம்ப்யூட்டர இரும்புக்காரர்ட்ட போட்டுட்டா இடம் சரியா இருக்கும் மாமா" என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் இப்படி ஒரு பெட்டி பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ கிடக்காத வீடு நம் ஊரில் குறைவு. அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

அது 2003இல் வந்த கம்ப்யூட்டர். தாத்தா ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தாத்தாவும் நானும் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக விலை கேட்டு அசெம்பிள் செய்தோம். பென்டியம் 4, 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க், 17 இஞ்ச் பிக்சர் டியூப் மானிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இன்டெல் 845ஜி போர்டிலேயே இருக்கிற கிராஃபிக்ஸ், அந்த 256 எம்பியிலிருந்தே 64 எம்பி வரை எடுத்துக்கொள்ளும். உன் புதுக் கார்டில் மட்டுமே 12 ஜிபி. அந்தக் கார்டு ஒன்றே 250 வாட் இழுக்கும்; அன்றைக்கு மொத்த சிபியூவுக்கும் சேர்த்துப் போட்ட எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் கொடுக்கிற பெட்டியே 300 வாட்தான்.

பாளையங்கோட்டைக்கு ரயிலில் கொண்டு வந்தோம். ஆச்சி மறுநாளே மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் சிபியூவுக்கும் தனித்தனியாகத் துணி உறை தைத்துவிட்டார். அந்த உறையைக் கழற்றினால் சிபியூவின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு இருக்கும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே இடத்தில் வைத்து வைத்து இப்போது துடைத்தாலும் போகாது. துடைக்கவும் வேண்டாம்.

உன் அம்மா, அதாவது என் அக்கா, இந்தச் செலவைப் பற்றி என்ன சொன்னாள் என்று எழுதியிருந்தாய். "கேம் வெளையாட இவ்வளவு காசா? நம்ம வீட்ல யாரு இதெல்லாம் வெளையாடிருக்கா?" அவள் இதைச் சொன்னாள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டரில் நம் வீட்டில் மிக நன்றாக விளையாடியது அவள்தான்.

நீ பிறந்து ஒன்றிரண்டு மாதம் இருக்கும். அக்கா பிரசவத்துக்கு வந்து நம் வீட்டில் இருந்த நேரம். வெளியே போகக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, டிவி அதிகம் பார்க்கக் கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் ஆச்சிக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. எக்ஸ்பியோடு வந்த பின்பால் ஆட்டம் இருக்கிறதே, விண்வெளிப் படம் போட்ட அந்த மேசை, அதை அக்கா அப்போதுதான் பிடித்துக்கொண்டாள். அதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது மட்டைக்கு இஸட், வலது மட்டைக்குச் சாய்வுக்கோடு, பந்தை அடித்து அனுப்ப ஸ்பேஸ் பார். கை இரண்டும் கீபோர்டில் இருந்தால் தூளியை யார் ஆட்டுவது? தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டாள். கால் தன்பாட்டுக்கு ஆட்டும், கண் பந்தைவிட்டு நகராது. நீ சிணுங்கினால் காலின் வேகம் கூடும், ஆட்டம் நிற்காது. கேடட் என்று தொடங்கி ஃப்ளீட் அட்மிரல் வரை பதவி ஏறுகிற ஆட்டம் அது. நான் பாதிக்கு மேல் ஏறியதில்லை. ஸ்கோர் பட்டியலில் ஐந்து இடம்தான். அவள் ஊருக்குக் கிளம்பும்போது ஐந்திலும் அவள் பெயர்.

புகுந்த வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அப்புறம் நீ, உன் தம்பி, வேலை. அவள் விளையாடியதை அவளே மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

அந்தப் பின்பாலின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1995இல் விண்டோஸ் 95க்கான பிளஸ் என்ற கூடுதல் பேக்கில் முதலில் வந்தது. எக்ஸ்பியோடு சரி, அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் காணோம். ஏன் எடுத்தார்கள் என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2012இல் எழுதினார். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதவில்லை. எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு போயிற்று. ஆட்டம் தொடங்கியதுமே பந்து மெல்லக் கீழிறங்கி, தன்னை அடிக்க வேண்டிய தண்டையே தாண்டித் திரைக்கு வெளியே விழுந்தது. வெளியார் நிறுவனம் பல வருடத்துக்கு முன் எழுதிய புரோகிராம் கோட், விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியாமல் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். பின்னால் ஆர்வலர் ஒருவர் அதை டீகம்பைல் செய்து, அதாவது ஓடும் ஆட்டத்திலிருந்தே அதன் கோட் எப்படி இருந்திருக்கும் என்று மீட்டெடுத்து, இன்றைய கம்ப்யூட்டரிலும் ஓடும்படி கிட்ஹப் என்ற கோட் பகிரும் தளத்தில் போட்டிருக்கிறார். ஆனால் அதற்கு அசல் ஆட்டத்தின் டேட்டா ஃபைல் வேண்டும். அது நம் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது: புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் விண்டோஸ் என்டி, அதற்குள் பின்பால் என்ற ஃபோல்டர்.

ஸ்கோர் அந்த ஃபோல்டரில் இருக்காது. எக்ஸ்பி அதைத் தன் அமைப்புகளைச் சேமிக்கிற ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்தது. யூசர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் NTUSER.DAT என்ற ஃபைலுக்குள் இருக்கும். அதாவது "போட்டோ மட்டும் எடுத்துட்டு மத்ததப் போட்டுரலாம்" என்று நீ நினைத்தால், உன் அம்மாவின் ஐந்து ஸ்கோரும் இரும்புக்காரரோடு போய்விடும். டிஸ்க்கை முழுசாக நகல் எடுக்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்றால், நடக்கும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைத் தெரியுமல்லவா? ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்து, 1989இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளியிட்ட ஆட்டம். அதன் மூல கோட் தொலைந்தே போனது என்று நினைத்திருந்தார். 2012இல் அவர் அப்பா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அனுப்பினார். உள்ளே அந்த ஃப்ளாப்பிகள். விஷயம் தெரிந்தவர்கள் கூடி உட்கார்ந்து பக்குவமாகப் படித்து எடுத்தார்கள். இன்றைக்கு அந்த மூல கோட் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் பெட்டியில் கிடந்த ஃப்ளாப்பியே பேசியது என்றால் ஹார்டு டிஸ்க்குக்கு நிச்சயம் வழி உண்டு. அந்த அப்பா பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம்.

சரி, டிஸ்க்கை நகல் எடுத்துவிட்டால் மானிட்டரையாவது போட்டுவிடலாமா என்று கேட்பாய். அதைத்தான் நான் முக்கியமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பழைய ஆட்டங்களை உன் புது மானிட்டரில் ஓட்டிப் பார், ஏதோ ஒன்று குறையும். அது வெறும் ஏக்கம் இல்லை, கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்து ஆட்டங்கள் பெரும்பாலும் 320க்கு 200 புள்ளி. கணக்குப்படி அது அகலத் திரை. ஆனால் அன்றைய கண்ணாடித் திரையின் அகல உயர விகிதம் 4க்கு 3. அதனால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் கொஞ்சம் உயரமாக நின்றது. வரைந்தவர்களும் அந்த உயரத்தை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். இன்றைய திரையில் புள்ளிக்குப் புள்ளி அப்படியே காட்டினால் இளவரசன் குட்டையாகி, வட்டங்கள் எல்லாம் நசுங்கிவிடும். அந்த ஆட்டங்களை இன்று ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஆஸ்பெக்ட் அமைப்பைப் போட்டால் இது சரியாகும்.

அடுத்தது அவ்வளவு எளிதில் சரியாகாது. பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை ஒரு புள்ளியைத் தொட்டதும் அது ஒளிரும். ஓரிரு மில்லிசெகண்டுக்குள் அணையத் தொடங்கிவிடும். அடுத்த சுற்று வரும்வரை அந்த இடம் ஏறக்குறைய இருட்டு. எல்சிடி அப்படி இல்லை. 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம்; ஒவ்வொன்றையும் 16 மில்லிசெகண்டுக்கு மேல் அப்படியே பிடித்து வைத்திருக்கும். நகரும் பந்தைக் கண் தொடர்ந்துகொண்டே போக, திரை மட்டும் நின்று நின்று போகும்; அதனால் பந்து மங்கும். உன் 165 ஹெர்ட்ஸில் அந்த நேரம் 6 மில்லிசெகண்டாகக் குறையும், ஆனால் ஆட்டமும் அந்த வேகத்தில் ஃபிரேம் கொடுத்தால்தான். பழைய ஆட்டங்கள் கொடுக்காது. அதனால்தான் பழைய ஆட்டக்காரர்கள் கண்ணாடி மானிட்டரை இன்றும் தேடி அலைகிறார்கள். கம்ப்யூட்டருக்கும் வீட்டு டிவிக்கும் பிக்சர் டியூப் செய்த பெரிய ஆலைகள் மூடி வெகு காலமாகிறது. இருப்பது போனால் போனதுதான்.

இரும்புக்காரரிடம் போனால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள். மானிட்டரில் அவருக்கு வேண்டியது கழுத்தைச் சுற்றியுள்ள செம்புக் காயில் மட்டும். டியூபை உடைத்துக் காயிலை உருவிக்கொண்டு கண்ணாடியை எங்காவது கொட்டிவிடுவார்கள். அந்தக் கண்ணாடியில் நிறைய ஈயம் இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் பிழைப்பு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். என்றைக்காவது அது செத்தே போனால் அப்படிக் கொடுப்போம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தயவுசெய்து ஸ்விட்சைப் போட்டுப் பார்க்காதே. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் நிறைய இருந்தன. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா, பழுப்பாக ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பார்த்து எனக்குப் போட்டோ அனுப்பு. உப்பியிருந்தால் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. காசு வடிவ பேட்டரியும் செத்திருக்கும், கடையில் சிஆர் 2032 என்று கேட்டு ஒன்று வாங்கி வை. ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போட்டால் பாதி நோய் அதிலேயே போய்விடும். ரிச்சி தெருவில் எந்தப் பையனும் முதலில் செய்கிற வைத்தியம் இதுதான். மானிட்டரின் பின்பக்கத்தை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் புழங்குகிற இடம் அது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம்.

டேபிளைப் போடும்போது ஜன்னல் பக்கம் புதியதும் உள்சுவர்ப் பக்கம் பழையதும் இருக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி பிளக் பாயின்ட், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடு. வீட்டில் இருக்கிற 600 விஏ யூபிஎஸ் உன் புது கார்டுக்குத் தாங்காது, பழையதற்கு அதைக் கொடுத்துவிட்டு நீ பெரியதாக ஒன்று வாங்கு. நீ பட்டியலில் போட்ட ஸ்பீக்கரின் சப்வூஃபர் கண்ணாடி மானிட்டருக்குப் பக்கத்தில் வரவே கூடாது. காந்தம் பட்டால் திரையின் மூலையில் பச்சையும் ஊதாவும் படரும். அப்படிப் படர்ந்தாலும் பயப்படாதே. மெனுவில் டிகாஸ் என்று இருக்கும், அதை அழுத்தினால் "டொங்" என்று ஒரு சத்தம், படம் முழுக்க ஒரு உலுக்கு உலுக்கி அடங்கும், நிறம் சரியாகிவிடும். சின்ன வயதில் காரணமே இல்லாமல் அதை அழுத்திக்கொண்டிருப்பேன். 60 ஹெர்ட்ஸில் வைத்தால் திரை துடிப்பது கண்ணை உறுத்தும். 1024க்கு 768 வைத்து 85 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடலாம்.

நெட் கனெக்‌ஷன் கொடுக்க வேண்டாம். எக்ஸ்பிக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

பொங்கலுக்கு வரும்போது, ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டுகிற அடாப்டரைக் கொண்டு வருகிறேன். உன் புது கம்ப்யூட்டரில்தான் நகல் எடுக்கப் போகிறோம், அதனால் பொங்கலுக்கு முன்பே அதைப் பூட்டி முடித்து, லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவும் தயாராக வை. டிடிரெஸ்க்யூ என்று டிஸ்க்கை நகல் எடுக்கிற ஒரு கருவி இருக்கிறது, முதலில் நல்ல பகுதியையெல்லாம் படித்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்ப வரும். வயசான டிஸ்க்குக்கு அதுதான் ஏற்றது. நகல் பத்திரமாக வந்த பிறகு பழையதைக் கிளப்புவோம்.

கிளப்பினால் எக்ஸ்பி பாஸ்வேர்டு கேட்கும். அது தாத்தா வைத்தது, எனக்கு நினைவில்லை. அம்மாவிடம் கேட்டு வை. எதற்கு என்று கேட்டால் உள்ளதைச் சொல்.

அன்புடன்,
மாமா