சேகருக்கு, சுகர் வந்த சேதி கேட்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குச் சேர்ந்ததைப் படித்து அவ்வளவு சந்தோஷம், ஆனால் கடைசியில் "எனக்கும் சுகர் வந்துவிட்டது, 48 வயதில் உடம்பு எரிக்கிற வேகம் குறைந்துவிட்டது, வாயைக் கட்டாததும் என் தப்புதான்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

வயசு மேல் பழி போடாதே. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் பான்ட்ஸரும் இன்னும் பலரும் சேர்ந்து, பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயது வரை 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் திரட்டி 2021இல் வெளியிட்டார்கள். உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு செலவழிக்கிற சக்தி அநேகமாக மாறுவதே இல்லை.

அப்புறம் அந்தத் "தப்பு". எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிளாம்ப் என்று ஒரு சோதனை செய்கிறோம், ரால்ஃப் டிஃப்ரோன்சோ 1979இல் விவரித்த முறை. படுத்திருப்பவரின் ஒரு கையில் இன்சுலினும் குளுக்கோஸும் டிரிப்ஸில் ஏறும், இன்னொரு கையை வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பேன். அளவு ஏறாமல் இறங்காமல் நிற்க எவ்வளவு குளுக்கோஸ் விட வேண்டியிருக்கிறது என்பதை வைத்து இன்சுலின் உடம்பில் எவ்வளவு எடுபடுகிறது என்று தெரிந்துவிடும்; அதிகம் விட வேண்டியிருந்தால் நன்றாக எடுபடுகிறது என்று அர்த்தம். பார்க்க ஒல்லியாக இருப்பவருக்குக் கொஞ்சம் விட்டாலே போதும் என்றிருக்கும், பருமனான இன்னொருவருக்கு விட்டுக்கொண்டே இருப்பேன். ஆளைப் பார்த்து யாரையும் எடைபோடக் கூடாது என்று அங்கே நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

சரி, முக்கியமானதைச் சொல்கிறேன். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும், சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை எடுத்துக்கொண்டு, மாத்திரையை நிறுத்தி, சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு 850 கலோரி போலக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோயின் வரம்புக்குக் கீழே வந்திருந்தது, 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரைந்தால், இன்சுலின் சுரக்கிற செல்கள் பலருக்கு மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன என்பது டெய்லரின் விளக்கம். நோய் வந்து எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, அதனால்தான் உனக்கு இப்போதே எழுதுகிறேன்.

சுலபம் என்று சொல்லமாட்டேன். இரண்டு வருட முடிவில் அந்த 46 சதவீதம் 36 ஆகக் குறைந்தது. உடம்பில் கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைந்து மூளை பசியைக் கூட்டிவிடும், அந்த ஹார்மோனின் மரபணுவை 1994இல்தான் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. ஆகவே எடை திரும்பி ஏறினால் மன உறுதி இல்லாதவன் என்று உன்னைத் திட்டிக்கொள்ளாதே.

மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, இப்படிப்பட்ட டயட் எதையும் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதே, மாத்திரையும் போட்டுக்கொண்டு சாப்பாட்டையும் இப்படிக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். மூன்று மாதச் சராசரி எவ்வளவு வந்தது, என்ன மாத்திரை, எத்தனை கிலோ இருக்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. காத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
ரவி