ஜான் ஹியூம் யார்? பொது அறிவு வழிகாட்டி வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் தொகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். எங்கள் ஊர் நூலகத்தில் மாலை நேரம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். 2001-ஆம் ஆண்டுக்கான காந்தி அமைதிப் பரிசு பெற்ற ஜான் ஹியூம் யார் என்பது ஒரு கேள்வி. ஒரு மாணவி 'ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர்' என்று எழுதியிருந்தாள். தவறு என்றேன். அவள் வாதாடவில்லை. காலண்டர் தாளில் அட்டை போட்ட வழிகாட்டியைப் பையிலிருந்து எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து என் முன் வைத்தாள். பொய்முடி வைத்த ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமின் படம். கீழே 'ஜான் ஹியூம், தத்துவ அறிஞர்'. அந்த வரியை அவள் சிவப்புப் பென்சிலால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

பகலெல்லாம் தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய புத்தகம் அது. "அப்ப இதுல இருக்கிற மத்ததெல்லாம் சரியா சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

டேவிட் ஹியூம் 1776-இல் இறந்தவர். காந்தி பிறந்ததே அதற்கு 93 ஆண்டுகள் கழித்து. இதை அச்சுக்குப் போகுமுன் ஒருவர்கூடவா கவனிக்கவில்லை?

ஜான் ஹியூம் அவளைப் போலவே ஓர் ஆசிரியர். வட அயர்லாந்தின் டெரி நகரில் 1937-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தான் படித்த பள்ளியிலேயே பிரெஞ்சும் வரலாறும் நடத்தினார். ஏழைகள் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருக்க, 1960-இல் சில நண்பர்களோடு டெரியில் ஒரு கடன் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது வட அயர்லாந்தில், பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டண்டுகளுக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கர்களுக்கும் இடையே பகை இருந்தது. சிறுபான்மைக் கத்தோலிக்கருக்குச் சம உரிமை கேட்ட குடிமை உரிமைப் போராட்டத்தில் இறங்கினார். 1970-இல் மற்றவர்களோடு சேர்ந்து எஸ்.டி.எல்.பி. (சமூக ஜனநாயக, தொழிற்கட்சி) தொடங்கினார். 1979 முதல் 2004 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும், 1983 முதல் 2005 வரை லண்டன் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார்.

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போன புதிதில், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கெல் நகருக்கு ரைன் ஆற்றுப் பாலத்தில் நடந்ததை நோபல் உரையில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர் முடிந்து முப்பத்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரான்சும் ஜெர்மனியும் ஒரே மன்றத்தில் உட்கார்ந்திருந்தன. இவர்களால் முடிந்தது எங்களால் ஏன் முடியாது என்பதுதான் அதன்பின் அவர் பேச்சு. சொன்னதையே சொல்கிறார் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும், கடைசி பெஞ்சுக்குப் புரியும்வரை சொல்லித்தான் ஆகவேண்டும்.

1993-இல் வட அயர்லாந்தின் கிரேஸ்டீல் கிராமத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் இறுதிச் சடங்குக்குப் போனபோது, இறந்தவர் ஒருவரின் மகள், எங்கள் அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று உங்களுக்காகப் பிரார்த்தித்தோம் என்று சொன்னதும் அவர் உடைந்து அழுதார். ஆனால் மோதலை முடிக்க நடத்திவந்த பேச்சுவார்த்தையை மட்டும் விடவில்லை. 1998 ஏப்ரல் 10-இல் வட அயர்லாந்துக்கான அமைதி உடன்பாடாகிய புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசை, பிரிட்டனோடு இருக்க விரும்பிய தரப்பின் தலைவர் டேவிட் டிரிம்பிளும் இவரும் பகிர்ந்துகொண்டார்கள். 2020-இல் மறைந்தார்.

அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள் என்று கேட்கிறேன். மற்ற பதிப்பாளர்களும் இதைத் தங்களுக்கில்லை என்று ஒதுக்க வேண்டாம். நான் பார்த்த மூன்று வழிகாட்டிகளில் இவருக்குக் கிடைத்தது பெயரும் ஆண்டும் மட்டுமே. யார், எதற்காக என்று ஒரு வரி இல்லை. ஆண்டுதோறும் அட்டையில் புது வருடம் ஏறுகிறது, விலையும் ஏறுகிறது, உள்ளே பழைய பிழை அப்படியே இருக்கிறது. பிழைக்கு மதிப்பெண் இழப்பது நீங்கள் இல்லை, இந்தப் பிள்ளைகள்.

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்காமல், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு பிழைதிருத்தத் தாளாவது அச்சிட்டுக் கடைகளில் வையுங்கள். எங்கள் நூலகத்துக்கு முப்பது பிரதி தேவைப்படும். தபால் செலவை நான் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்