இராவணனின் பத்துத் தலைக்கும் ஒரே விடைதானா? அறநெறிப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பின் அறநெறிப் பாடசாலைகளில் ஞாயிறுதோறும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வெள்ளவத்தையில் வகுப்பு முடிந்து வந்த என் பேத்தியின் கொப்பியில் இராவணன் படம் ஒன்று இருந்தது. நடுவில் ஒரு தலை, இடப்புறம் நான்கு, வலப்புறம் இடம் போதாமல் நெருக்கி வரைந்த ஐந்து. பத்துத் தலையும் பத்துத் தீய குணங்கள் என்று வகுப்பில் கற்பித்தபடி, ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பேனையால் ஒரு தீய குணம். காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம் என ஆறு முடிந்ததும், எஞ்சிய நான்கு தலைகளுக்கு மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று எழுதியிருந்தாள். "புத்தியும் கெட்டதா, அப்பப்பா?" என்று கேட்டாள். அந்த நான்கும் நம் சைவ சித்தாந்தத்தில் அந்தக்கரணங்கள், அதாவது உயிர் அறிவதற்குத் துணையாகும் உட்கருவிகள் அல்லவா? பத்து என்ற கணக்கை நிரப்புவதற்காக அவற்றைக் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது.

நான்கு வேதங்களையும் ஆறு சாத்திரங்களையும் கற்றதன் அடையாளமே பத்துத் தலை என்ற விளக்கமும் வழக்கில் உண்டு. அதை ஏற்றால் அவன் வீழ்ச்சி இன்னும் கனக்கிறது. அத்தனை கற்றவன் பிறன் மனை நயந்தான் என்பதல்லவா கதை? வான்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டமோ, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு தலையாக ஒன்பது தலைகளை வேள்வித் தீயில் இட்ட அவன், பத்தாவதையும் அரியப் போகையில் பிரமன் தோன்றியதாகச் சொல்கிறது. தீயில் இட்டது அழுக்கையா, அருமையையா?

நமக்கு மிக அருகில் இருப்பது தேவாரம் பாடிய திருஞானசம்பந்தரின் வழக்கு. அவர் பதிகங்களில் எட்டாம் பாடல் பெரும்பாலும் இராவணனுக்குரியது. திருக்கோணமலைப் பதிகத்திலும் கயிலை மலையை எடுத்த இராவணனின் செருக்கை விரலால் அடக்கிய இறைவன், அவன் ஏத்தியதும் பேறு அருளினான் என்றே வருகிறது. மலையின் கீழ் நசுங்கியதும் அந்தத் தலைகள், இறைவனை ஏத்திச் சாமகானம், அதாவது சாம வேத இசை, பாடியதும் அந்த வாய்கள். தீமையின் வெறும் பட்டியலாக இருந்தால் அவை பாடியது எப்படி?



ஆகவே, அந்தப் படத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கோணமலைப் பதிகத்தின் எட்டாம் பாடலைப் பிள்ளைகளோடு பாடி, பொருள் சொல்லி, அதன்பின் அதே படத்தில் அவர்களாகவே தலைகளுக்குப் பெயரிடட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மனனப் பரீட்சையிலும், "பத்துத் தலைகள் குறிக்கும் தீய குணங்கள் யாவை?" என்ற வினாவுக்கு, புத்தியைச் சேர்க்காமல் விட்ட பிள்ளையின் புள்ளியைக் குறைக்க வேண்டாம்.

இவ்வண்ணம்,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் அப்பப்பா