அந்தத் தாஜ்மஹால் படம்

ஆரையம்பதி,
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அம்மன் துணை.

இந்தக் கடிதம் பார்சலின் அடியில் கிடக்கும். மேலே கஜு, அதற்குக் கீழே மிளகாய்த்தூள், மறுகா கருவாடு, அதற்கும் அடியில் இது. கருவாடு மணந்தால் குறை நினைக்காதே. போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் அழைப்பு வந்தவுடனே அம்மா பக்கத்தில் வந்து குந்திவிடுகிறா, ஸ்பீக்கரில் போடுங்கோ என்கிறா. அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் அழைப்பு. அதில் நான் எதைப் பேச?

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தூரத்துக்கு வாகனம் ஓட்டாதே.

அம்மன் கோயில் சடங்குக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். அக்காவின் மூத்தவள் ஓ.எல். சோதனை எழுதிவிட்டாள், நன்றாக எழுதினாளாம். பின்வளவுப் பலாமரம் இந்த முறை காய்க்கவில்லை. செய்தி அவ்வளவுதான்.

வெள்ளை அடிக்கச் சுவர்ப் படங்களை எல்லாம் கழற்றினேன். பெரியம்மாவின் மகள் கல்யாணத்துக்கு நீ நியூ ஜெர்சி போனபோது அனுப்பிய படமும் அதில் இருந்தது. 2012. அட்லாண்டிக் சிட்டியில் ஒரு கல் யானையில் சாய்ந்துகொண்டு நிற்கிறாய், பின்னால் வெங்காயம் கவிழ்த்த மாதிரிக் கோபுரங்கள். அம்மா அதற்குச் சட்டம் போட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டினா. வந்தவர் போனவருக்கெல்லாம் மகன் தாஜ்மஹால் பார்த்தவன் என்று சொன்னா. அது இந்தியாவில் இருப்பது, இது வேறு என்றேன். அப்ப இது என்ன என்று கேட்டா. ஹோட்டல் என்றேன். முழுப் பொய்யில்லை.

சட்டத்தைக் கறையான் அரித்திருந்தது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது பார் என்று அக்காவின் மகனிடம் கேட்டேன். டப்லட்டில் தேடிக் கொடுத்தான். ஒரு கிழமையாக அதைத்தான் வாசிக்கிறேன். 31 வருஷம் சங்கத்தில் கணக்கு எழுதியவனுக்கு வேறு என்ன வேலை.

அந்தத் தாஜ்மஹால் ஒரு கசினோ, ஹோட்டலோடு சேர்ந்த சூதாட்ட மாளிகை. 1990 ஏப்ரலில் திறந்ததாம். ஏறக்குறைய ஒரு பில்லியன் டொலர் செலவு. 1,250 அறை. ட்ரம்ப் அதை உலகத்தின் எட்டாவது அதிசயம் என்று சொல்லித் திறந்திருக்கிறார். மைக்கல் ஜாக்சன் வந்து பார்த்தாராம். இதெல்லாம் இருக்கட்டும். எனக்குக் கண் நின்றது கடன் பத்திரத்தில்தான். 675 மில்லியன் டொலர், வட்டி 14 வீதம். நான் பழைய பழக்கத்தில் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 94.5 மில்லியன். ஒரு நாளைக்கு இரண்டரை லட்சம் டொலருக்கு மேல், வட்டி மட்டும். முதல் தொகையில் கை வைக்கவே இல்லை. விடிந்தால் வட்டி, பொழுது பட்டால் வட்டி. நம் கடைத்தெருவில் மீற்றர் வட்டிக்கு எடுத்தவன் கூட இரவில் கொஞ்சம் நித்திரை கொள்வான்.

திறக்க முதலே ஒருவர் சொல்லியிருக்கிறார். கசினோக் கணக்குப் பார்க்கும் ஆய்வாளர். தொடக்கத்தில் கூட்டம் அள்ளும், ஆனால் பனிக்காலத்துக் குளிர்காற்று வீசத் தொடங்கினால் இது நிற்காது என்று பத்திரிகைக்குச் சொன்னாராம். அவருக்கு வேலை போனது. அடுத்த வருஷம் ஜூலையில் அந்தத் தாஜ்மஹால் வங்குரோத்து. வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பாதிச் சொத்தைக் கடன் கொடுத்தவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் பலருக்கு முழுக் காசு கிடைக்கவில்லை.

உண்மை சொன்னவருக்குக் கேடு வரும் என்பது எனக்குப் புதிதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகும் அது 25 வருஷம் ஓடியிருக்கிறது மகன், அதுதான் ஆச்சரியம். விழுந்து, எழும்பி, கைமாறி. அந்த ஊரில் முதல் கசினோ 1978 மே மாதம் திறந்தது. அந்த வருஷம் கார்த்திகையில்தான் நமக்குச் சூறாவளி. ஊரே தென்னை விழுந்து கிடந்தபோது அங்கே மனிதர்கள் வரிசையில் நின்று காசைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2006இல் 12 கசினோ, வருஷத்துக்கு 5.2 பில்லியன் வருமானம். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா தானும் கசினோ திறந்தது, சனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2014இல் மட்டும் நான்கை மூடினார்கள். நமக்கு மண்முனையில் பாலம் திறந்த வருஷம் அது. நீ சாய்ந்து நின்ற தாஜ்மஹாலை 2016 அக்டோபரில் மூடினார்கள், ஏறக்குறைய 3,000 பேருக்கு வேலை போனது. சம்பளமும் மருத்துவக் காப்புறுதியும் கேட்டு மாதக்கணக்கில் வாசலில் நின்ற சனம். அறை துடைத்தவர்கள், சமைத்தவர்கள். ஒரு பில்லியன் போட்டுக் கட்டியதை மறுவருஷம் 50 மில்லியனுக்கு விற்றார்கள். இப்போது கோபுரமும் இல்லை, யானையும் இல்லை. ஹார்ட் ராக் என்று பெயர், எங்கு பார்த்தாலும் கிற்றார்.

படத்தில் நீ நன்றாக இருக்கிறாய். அந்தச் சட்டை அக்கா வாங்கித் தந்தது. அந்த வருஷம்தான் இந்த வீட்டுக்கு ஓடு மாற்றக் காசு அனுப்பினாய். அக்காவுக்குச் சீதன வீடும் நீதான் கட்டிக் கொடுத்தாய். 24 வயதில் இரண்டு வேலை செய்து. ஊரில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு தம்பி இருக்கிறான்? நான் அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நேரத்துக்கு நித்திரை கொள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது, வீடியோவில் பார்த்தேன்.

போன மாதம் உன் கூட்டாளி கல்லடிக்கு லீவில் வந்தவன் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி குடிக்கும்போது, அண்ணன் வெள்ளிக்கிழமை என்றால் ராமாவுக்குப் போய்விடுவார் என்றான். அம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கோயிலுக்குப் போகிறான், பெருமாள் கோயில் போல என்று பக்கத்து வீடுவரை சொல்லிவிட்டா. அந்தப் பெடியன் என் முகத்தைப் பார்த்தான், மறுகா கோப்பையைப் பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தேடினேன். ரொறன்ரோவுக்கு வடக்கே, ஓரிலியாவுக்குப் பக்கத்தில், ஆதிக்குடிகளின் காணியில் 1996இல் திறந்த கசினோ. பெயரைப் பார், ஒன்று ராமா, ஒன்று தாஜ்மஹால். அம்மாவை ஏமாற்றவே வைத்த மாதிரி.

நான் உன்னைக் கேட்கவில்லை. போகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் சொல்லவில்லை.

மாசியில் நீ கேட்டபோது வாகனக் காப்புறுதி என்றாய். 12 லட்சம். எந்த வாகனம், எத்தனை மாதத்துக்கு என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. இங்கே காசு மாற்றித் தருகிறவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அங்கே உனக்குக் கிடைத்தது. பிறகு மருமகள் ஒருநாள் அம்மாவுக்கு எடுத்து, மாமி என்று மட்டும் சொல்லி அழுதுவிட்டு வைத்துவிட்டாள். அம்மா அது சிக்னல் கோளாறு என்கிறா.

ட்ரம்புக்கு அங்கே காசில் என்று இன்னொரு கசினோவும் இருந்தது. 1990 டிசம்பரில் அதற்கு வட்டி கட்டக் காசு இல்லை. அவருடைய தகப்பன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வக்கீலைக் காசோலையோடு அனுப்பி 3.5 மில்லியன் டொலருக்குச் சூதாட்டச் சிப்ஸ் வாங்கினார். விளையாட இல்லை. ஒரு மேசையிலும் வைக்கவில்லை. மகனின் பெட்டியில் காசு விழ வேண்டும், அவ்வளவுதான். பிறகு அதைக் களவாகக் கொடுத்த கடன் என்று பிடித்து அந்தக் கசினோவுக்குத் தண்டம் விதித்தார்கள். இதை வாசித்த இரவு நான் எழும்பி முற்றத்தில் போய் இருந்தேன். அந்த மனிசனுக்கு அப்போது 85 வயது. எனக்கு 74. அவர் 3.5 மில்லியன், நான் 12 லட்சம். மாசியில் நான் செய்ததற்கு வேறு பெயர் இல்லை.

இனி உண்மை சொன்னவருக்குக் கேடு வந்த நம் வீட்டுக் கதை.

உன் பெரிய மாமாவும் நானும் எட்டு வருஷம் பேசாமல் இருந்தது வேலிச் சண்டையால் என்றுதானே உனக்குத் தெரியும். வேலி இல்லை. 1989 சித்திரை வருஷப் பிறப்புக்குப் பொழுதுபோக்காகக் காட்ஸ் விளையாட உட்கார்ந்தேன். வருஷப் பிறப்புக்கு எல்லோரும் விளையாடுவார்கள், அதில் தப்பில்லை. நான் ஆடி மாதமும் விளையாடினேன், ஐப்பசியும் விளையாடினேன். மில்லுக்குப் பின்னறை, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம். சங்கத்துக் காசில் கை வைக்கவில்லை, அம்மன் சத்தியம். என் சம்பளம் போனது, விதைநெல்லுக்கு வைத்தது போனது. மாமா அந்த அறைக்கே வந்து, எல்லோருக்கும் முன்னால், எழும்புங்க மச்சான் என்றார். நான் அவரைத் தள்ளிவிட்டேன். அவர் கையூன்றி விழுந்தார். அந்த மணிக்கட்டுத்தான் கடைசிவரை அவருக்கு நேராகவில்லை.

1990 சித்திரையில் அம்மாவின் அட்டியலைப் பெட்டகத்தில் இருந்து எடுத்து ஈடு வைத்தேன். ஏழு பவுண். உன் அம்மம்மா போட்டு அனுப்பியது. ஒரு கிழமையில் காசு முடிந்தது. வெள்ளாமை வெட்டி மீட்கலாம் என்று நினைத்தேன். ஜூனில் சண்டை தொடங்கிவிட்டது. உனக்கு நான்கு வயது, என் தோளில் இருந்தாய். துறையில் தோணி ஏறும்போது அம்மா நகைப் பை எங்கே என்று கேட்டா. தண்ணிக்குள் விழுந்துவிட்டது என்றேன்.

ஊர் எரிந்துகொண்டிருந்தது மகன். அந்த நேரம் எனக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. இதை 35 வருஷமாக ஒருவருக்கும் சொன்னதில்லை. சண்டையில் போனது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? எல்லோருக்கும் ஏதோ போயிருந்தது. பிள்ளைகளையே கொடுத்துவிட்டு நின்றவர்களுக்கு நடுவில் நானும் பறிகொடுத்தவனாக நின்றேன். அதற்குப் பிறகு காட்ஸ் தொடவில்லை. திருந்தி அல்ல, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் விளையாட ஆளும் இல்லை, காசும் இல்லை.

போன வருஷம் கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போனோம். பஸ் பாலத்தில் ஏறியதும் அம்மா பேத்தியிடம் தண்ணியைக் காட்டி, இதுக்குள்ளதான் என்ர அட்டியல் கிடக்கு என்றா. சுழியோடி எடுக்கலாமா அம்மம்மா என்று அவள் கேட்டாள். நான் மற்றப் பக்கத்து யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இப்போது வயல் விஷயம். படுவான்கரை மூன்று ஏக்கரை விற்றால் என்ன என்று போனமுறை கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். அது அம்மாவின் சீதனம், உறுதி அவவின் பெயரில். அவவிடம் கேட்காதே. நீ கேட்டால் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் கையெழுத்து வைத்துவிடுவா, அதுதான் எனக்குப் பயம். அவவிடம் இருந்து இன்னொன்று தண்ணிக்குள் போக நான் இருக்கும்வரை விடமாட்டேன். கடன் எவ்வளவு என்று என்னிடம் சொல். தொகையைச் சொல், யாருக்கு என்று சொல், வட்டி என்ன வீதம் என்று சொல். கணக்கை நான் போட்டுத் தருகிறேன். காசு தரமாட்டேன், இந்த முறை தரமாட்டேன். வேண்டுமானால் எனக்கு ஏசு. மருமகளிடம் மறைத்திருந்தால் அதை முதலில் சொல், என்னைப் போல நாள் பார்த்துக்கொண்டு இருக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

படத்தைப் புதுச் சட்டம் போட்டு மாட்டும்படி அம்மா சொல்கிறா. இன்னும் மாட்டவில்லை, மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை விடிய அம்மா கோயிலுக்குப் போய்விடுவா, ஏழரை வரைக்கும் வரமாட்டா. ஆறரைக்கு எடு. உனக்கு அப்போது வெள்ளி இரவு ஒன்பது மணி. எந்த றோட்டில் இருந்தாலும் வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு எடு.

அப்பா