அந்த ஐந்தாவது பாட்டு

குமாரபாளையம்
ஞாயிறு ராத்திரி

அம்மிணி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சந்தைக்கு நடந்துதான் போவேன் என்கிறாள். பின்கட்டு வேம்பை வெட்டியாயிற்று. அது பெரிய கதை, வரும்போது சொல்கிறேன். பெரியப்பா பேசுகிறாரா என்று மட்டும் கேட்காதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். நானும் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். கல்யாணப் பேச்சு இதில் இல்லை, பயப்படாமல் படி.

உன் பாட்டு ஆல்பத்தைப் போட்டுக் கேட்டேன். ஒன்பது பாட்டும். மாப்பிள்ளை என் போனில் ஸ்பாட்டிஃபை போட்டுக் கொடுத்தார். ஒரு பாட்டை வருஷத்தில் 1000 தடவையாவது கேட்டிருந்தால்தான் அதற்குக் காசு என்று 2024-லிருந்து விதியாம். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்கிற மாதிரி உங்களுக்கும் ஒரு ஆயிரம். அன்றிலிருந்து பல் விளக்கும்போதே போட்டுவிடுகிறேன். ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போட்டால் கள்ளக்கணக்கு என்று நினைப்பார்கள் மாமா என்கிறார். பெற்ற அப்பன் கேட்பது எப்படிக் கள்ளக்கணக்காகும்? பாட்டு எழுதினவர்களுக்கு உரிமைப்பணம் வாங்கித் தருகிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் பாட்டையெல்லாம் பதிந்துவிட்டாயா என்றும் கேட்கச் சொன்னார். பதிந்துவிடு, தள்ளிப்போடாதே.

அட்டைப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நம் தறியில் ஓடிய லுங்கிக் கட்டம். "ஊரில் எத்தனையோ லுங்கி, நம்மதுதான்னு எப்படிச் சொல்றீங்க" என்றாள் அம்மா. படத்தைப் பெரிசாக்கிக் காட்டினேன். வலது ஓரத்தில் மூன்றாவது சிவப்புக் கோட்டில் ஒரு இழை குறையும். பாவு இழை அறுந்ததைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறேன். வியாபாரி கழித்துப் போட்ட துணி அது. ஊர் உலகம் பார்க்கிற இடத்தில் வைக்க நல்ல துணி ஒன்று கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? இருந்தாலும் டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டினேன். நாலு என்ன, வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினேன்.

மூன்றாவது பாட்டில் டிரம்ஸுக்கு அடியில் ஓடுவது நம் தறிச்சத்தம்தானே? போன ஆடியில் நீ போனைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அசையாமல் நின்றாய், விளையாட்டு என்று நினைத்தேன். நாடா போய் மோதுகிற அடி தனியாக, அச்சு வந்து இடிக்கிற அடி தனியாகக் கேட்கிறது. நிமிஷத்துக்கு 120, 130 அடி என்று அந்தத் தறி ஓடும். பாட்டும் அதே வேகம். உன் டிரம்ஸ் பையன் நடுவில் கொஞ்சம் பின்தங்குகிறான், தறி பின்தங்கவில்லை. அவனிடம் சொல்லிவிடாதே.

பாட்டு நல்ல பாட்டு. காதைப் பார்த்துக்கொள்.

ஒன்பது பாட்டையும் நீயே மிக்ஸிங் பண்ணினாயாம், மாசக்கணக்கில் ராத்திரி ராத்திரியாக ஹெட்போனும் கையுமாக. அக்கா பெருமையாகத்தான் சொன்னாள். ஸ்கூட்டியை விற்றதையும் அவள்தான் சொன்னாள், அதை நீ சொல்லியிருக்க வேண்டும். சரி, அது போகட்டும். லண்டனில் தி ஹூ என்று ஒரு குழு, அதில் கிதார் வாசிக்கும் பீட் டவுன்சென்ட், உனக்குத் தெரியாமல் இருக்காது. அவர் காது கெட்டதற்கு மேடைச் சத்தத்தைவிட ஸ்டூடியோ ஹெட்போன்தான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறாராம். கோல்ட்ப்ளே குழுவில் பாடும் கிறிஸ் மார்ட்டினுக்கும் காதில் இரைச்சல். அது வந்த பிறகுதான் காதடைப்பான் போட ஆரம்பித்தாராம். வந்த பிறகு போட்டு என்ன செய்வது? நீ சொல்வாயே, அந்தப் பெங்களூரு ராக் குழு தெர்மல் அண்ட் எ குவார்ட்டர், 1996-லிருந்து வாசிக்கிறார்கள் என்று. அத்தனை வருஷம் வாசிக்கக் காது வேண்டாமா?

ராத்திரி தூக்கம் வருகிறதா? ஃபேன் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாயா?

பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னதாக வந்தாய். அந்தக் குளிரில் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடியது. கொசுவுக்கு என்றாள் அம்மா. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு யாராவது ஃபேன் போடுவார்களா? மூன்று மணிக்கு நான் எழுந்து நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, நீ எழுந்து வந்து மறுபடி போட்டாய். நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

ஐந்தாவது பாட்டை அக்காவிடம் கொடுத்து அர்த்தம் கேட்டேன். எல்லாம் அடங்கின பிறகும் ஒரே ஒரு வண்டு பாடுகிறது, கதவைச் சாத்தினாலும் போகமாட்டேன் என்கிறது என்றாள். அந்தப் பையனைப் பற்றியதாக இருக்கும் என்றும் சொன்னாள். இருந்துவிட்டுப் போகட்டும், அதை நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அம்மிணி, அந்த வண்டு எனக்குப் பழக்கமான வண்டு. என் இடது காதில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறது. தறி ஓடும்போது தெரியாது. நிறுத்திவிட்டு வந்து படுத்தால் ஆரம்பிக்கும். அதனால்தான் நான் ராத்திரியில் ரேடியோவை நிறுத்துவதே இல்லை. நீங்கள் பாட்டுப் பைத்தியம் என்று நினைத்தீர்கள்.

சித்திரையில் ஈரோட்டுக்குப் போய்க் காதைப் பரிசோதித்தேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கீச்சென்று சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அமுக்கவே இல்லை. மெஷின் ஓடவில்லை போல என்று கேட்டேன். பரிசோதித்த பெண் ஒன்றும் சொல்லாமல் தாளைக் காட்டினாள். கோடு நேராக வந்து, மேல் சுருதிப் பக்கம் 4000 ஹெர்ட்ஸ் என்று போட்ட இடத்தில் கிணற்றுக்குள் விழுகிற மாதிரி விழுகிறது. சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தானாம். போனது திரும்ப வராது, உள்ளே இருக்கிற மயிர்ச் செல் மறுபடி முளைக்காதாம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும், மூன்று கூடினால் நேரம் பாதி, 100-க்குப் போனால் கால் மணி நேரம்தான் கணக்கு என்றாள். பஞ்சு வைத்துக்கொள்வேனே என்றேன். சிரித்தாள். உனக்கும் பஞ்சு வை என்றுதான் எழுத நினைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

நீ பிறந்தபோது வீட்டில் வேறு இடம் இல்லை. அம்மாவும் தார் சுற்றியாக வேண்டும், ஆளுக்கு மூன்று தறி. தறிக்கூடத்து உத்தரத்தில்தான் தொட்டில் கட்டினேன். ஆறு தறிக்கும் நடுவில் நீ அசந்து தூங்குவாய். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீறிட்டு அழுவாய். "தறி ஓடினாத்தான் தூங்குது எம்புள்ள" என்று வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். ரெண்டரை வயசு வரைக்கும் அங்கேதான். அம்மாயி ஒரு தடவை சொன்னாள், பச்சைப்பிள்ளைக் காது என்னத்துக்கு ஆகும் என்று. நான் கோபப்பட்டேன். அவளைப் பிறகு ஒரு வருஷம் இந்தப் பக்கமே வரவிடவில்லை, உனக்கு இது தெரியாது.

அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்டேன். அதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது மொட்டை மாடியில் வாசித்துவிட்டு இறங்கி வந்து "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்பாய். நான் "ம்" என்று போய்விடுவேன். பிடிக்காமல் இல்லை. மேல் சுருதி எனக்குக் கேட்காது. கேட்கவில்லை என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல வெட்கம். படிப்பைப் பார் என்றேன், அது சுலபமாக இருந்தது. இப்போது காதுமெஷின் வைத்திருக்கிறேன். ஐந்தாவது பாட்டில் பாட ஆரம்பிக்கும் முன்னால் நீ மூச்சு இழுப்பது கேட்கிறது. மெஷின் இல்லாமல் போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை.

நீயும் ஒரு தடவை பரிசோதித்துவிடு. பெங்களூரில் இல்லாத இடமா? மேடைக்கு அளவெடுத்துச் செய்கிற காதடைப்பான் இருக்கிறதாம். எல்லாச் சுருதியையும் ஒரே அளவு குறைக்குமாம், பாட்டு மந்தமாகாது. அதனால் அந்தச் சாக்கைச் சொல்லாதே. சீட்டுப் பணம் ஆனியில் எடுத்தேன், மாப்பிள்ளை மூலமாக அனுப்புகிறேன். ஸ்கூட்டிக்கு இல்லை, காதுக்கு.

தட்டுவடையும் பருப்புப்பொடியும் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவுக்கு அடியில் என் காதுத் தாளின் ஜெராக்ஸ் இருக்கும், எண்ணெய் படாமல் எடு. உன்னுடையது வந்ததும் அனுப்பு, நல்லதோ கெட்டதோ.

போன் பண்ணு. நான் வலது காதில் வைத்துக்கொள்கிறேன், நீ மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

அப்பா